கொழும்புச் சதுப்பில் ஓர் அரிய செடி: அதன் பாதுகாப்பு நிலையைத் தீர்மானிக்க உதவும் பதிவை எடுப்பது எப்படி

பெல்லன்வில வடிகால் ஓரத்திலோ தலவத்துகொடைச் சதுப்பிலோ வழக்கத்தில் காணாத ஒரு செடி கண்ணில் பட்டால், கைப்பேசியில் படமெடுத்து "மிக அரிது" என்று எழுதிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் செடிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. ஓர் இனத்தை, அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் தேசிய சிவப்புப் பட்டியலின் எந்த வகைக்குள் வைப்பது என்று முடிவு செய்பவர்களுக்கு நான்கு விடயங்கள் தெரிய வேண்டும். இது நிச்சயமாக எந்த இனம்? இனம் பெருக்கக்கூடிய நிலையில் எத்தனை செடிகள்? அவை எத்தனை இடங்களில்? அந்த இடங்கள் எதனால் கெடுகின்றன? கொழும்பில் மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் அடிக்கடி பிழைக்கிறது. ஏனென்றால் இங்கே "ஓர் இடம்" எது என்பதைக் கரையல்ல, தண்ணீர் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

சரியான பதிவுக்கு உள்ள பலத்தைக் காட்ட ஒரு பெருமரத்தின் கதை போதும். குருடியா சேலானிக்கா என்ற மரம் 2012 தேசியப் பட்டியலில் அற்றுப்போனதாக இருந்தது. 2019 இல் கம்பஹா மாவட்டத்து தரலுவையில் ஒரு மரம் அடையாளம் காணப்பட்டது. 2021 பெப்ரவரியில் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்ட முனைந்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. பெயர் உறுதியாகி, நிலை பதிவாகி இருந்ததால்தான் தெருவோரத்து மரமொன்றுக்காகப் பேச முடிந்தது. சதுப்புச் செடிகள் கணுக்கால் உயரம்தான். ஒரு பெக்கோ இயந்திரம் அரை நாளில் அள்ளிக் கரையில் போட்டுவிடும். அவற்றுக்குப் பதிவு இன்னும் அவசியம்.

முதலில் வீட்டில் இருந்தே பார்க்க வேண்டியவை

இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) வெளியிடும் உலகப் பட்டியல். மற்றது சுற்றாடல் அமைச்சின் உயிர்ப்பல்வகைமைச் செயலகம் பேராதனைத் தாவரவியல் பூங்காத் திணைக்களத்துடன் சேர்ந்து வெளியிடும் தேசியப் பட்டியல். தாவரங்களுக்கான கடைசித் தேசியப் பட்டியல் 2020 ஆம் ஆண்டுக்குரியது. இலங்கைக்கே உரிய இனமென்றால் இரண்டு மதிப்பீடுகளும் ஒரே தொகையைப் பற்றியவை. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவிய செடியென்றால் உலக அளவில் "கவலை குறைந்தது" என்றும் இலங்கையில் "மிக அருகியது" என்றும் இருக்கலாம். இரண்டும் சரிதான். கொழும்பில் ஒரு திட்டத்துக்கு எதிராகப் பேசும்போது தேசிய நிலையைச் சொல்லுங்கள். உலக நிலையை மட்டும் சொன்னால், "இது எங்கும் இருக்கிற செடிதானே" என்று எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள்.

பட்டியலில் பெயர் தேடும்போது பழைய பெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். நீர்ச்செடிகளில் பெயர் மாற்றம் அதிகம். மீன்தொட்டிக் கடைகளில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பவே கூடாது. "தரவு போதாதது" என்ற வகையைக் கண்டு ஆறுதலும் கொள்ளக் கூடாது. போய்ப் பார்த்தவர் இல்லை என்பதே அதன் பொருள். உங்கள் பதிவு அதிகம் தேவைப்படுவது அந்த இனங்களுக்கே.

அனுமதியும் காலமும்

பெல்லன்வில–அத்திடிய 1990 இல் சரணாலயமாக்கப்பட்ட 372 ஹெக்டேயர் நிலம். பாராளுமன்றத்தைச் சுற்றிய நீர்ப்பரப்பும் சரணாலயம்தான். இரண்டும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. தியசரு பூங்கா இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பிலும், பெத்தகானச் சதுப்புப் பூங்கா நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும் உள்ளன. தலங்கமக் குளமும் சூழலும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்பதால் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்க வேண்டும். பார்ப்பதும் படமெடுப்பதும் ஒன்று, ஓர் இலையைக் கிள்ளுவது வேறு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சரணாலயத்துள் செடி எடுப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. பாதுகாக்கப்பட்ட தாவரங்களுக்குத் தனி அட்டவணையும் உண்டு. மாதிரி எடுக்கும் எண்ணம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிய பின்பே போங்கள். தனியார் வயலென்றால் உரிமையாளரிடமும் கிராம அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பாராளுமன்றப் பக்கம் கமராவோடு நின்றால் பாதுகாப்புப் படையினர் விசாரிப்பார்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதியைச் சிங்களத்திலும் வைத்திருந்தால் வேலை சுலபமாகும்.

கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைவு. ஏப்ரல்–மே, ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் வெள்ளம். ஒரே செடியை இரண்டு பருவங்களில் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். மீன்தொட்டிகளிலும் வளர்க்கப்படும் கிரிப்டோகொரைன் என்ற நீர்ச்செடியின் இனங்கள் நீர் வற்றி இலை வெளியே தெரியும்போதுதான் பெரும்பாலும் பூக்கும். கெக்கட்டிய வகைச் செடிகள் சில கிழங்குக்குள் ஒடுங்கி மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும். பெப்ரவரியில் ஒரு முறை மட்டும் போய், "இங்கே இல்லை" என்று எழுதிய பதிவு பின்னால் பெரும் தொல்லை தரும்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: முழங்கால் வரை வரும் பூட்ஸ், 50 மீட்டர் அளவு நாடா, சென்ரிமீட்டர் குறித்த ஒரு தடி, பென்சில், நீர் படாத குறிப்பேடு, பத்து மடங்கு கை லென்ஸ், வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டு, சிறிய அளவுகோல், மின்கலச் சேமிப்பு. இவற்றோடு ஒரு மீட்டர் சதுரச் சட்டமும் வேண்டும். அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு மீட்டர் துண்டு நான்கு, எல்போ நான்கு. மூன்று மூலைகளைப் பசை போட்டு ஒட்டுங்கள். நான்காவதை ஒட்டாமல் விடுங்கள். அந்த மூலையைக் கழற்றினால்தான் சம்புப் புல்லுக்கும் வெல் அத்த (அன்னோனா கிளாப்ரா) என்ற சதுப்பு மரத்தின் அடிக்கும் இடையே சட்டத்தை நுழைக்க முடியும். குழாய் முனைகளைத் தக்கையால் அடைத்துவிட்டால் சட்டம் மிதக்கும். அடைக்க மறந்தால் நீர் புகுந்து சேற்றில் அமுங்கும். அதைத் தேடும் கை செடிகளைப் பிடுங்கும்.

எலிக்காய்ச்சல் இந்த வேலையில் உண்மையான ஆபத்து. காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். வாராவாரம் சேற்றில் நிற்பவராக இருந்தால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். வெரஸ் கங்கை, தியவன்னா ஓயாப் பக்கங்களில் முதலை உண்டு. இருவருக்குக் குறைவாகப் போக வேண்டாம், இருட்டுக்கு முன் கரையேறுங்கள். ஒரு சதுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்கு காய வையுங்கள். ஒட்டிக்கொண்ட சால்வினியா என்ற மிதக்கும் களையின் துண்டொன்று போதும், புதிய நீர்நிலை ஒன்றை மூடிவிட.

இனத்தை உறுதி செய்வது

சதுப்புச் செடிகளில் இலையை வைத்துப் பெயர் சொல்வதுதான் மிகப் பெரிய பிழை. நீருக்குள் இருக்கும்போது ஒரு வடிவம், வெளியே வந்தால் இன்னொரு வடிவம், நிழலில் மூன்றாவது வடிவம். இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன்கள் பல இலையால் ஒன்றையொன்று ஒத்தவை. பூவைச் சுற்றிய மடல் இல்லாமல் அவற்றுக்கு இனப்பெயர் எழுதக் கூடாது. மடலின் வாய்ப்பகுதி, அதன் நிறம், உள்ளே இருக்கும் விளிம்பு ஆகியவற்றைத் தனித்தனியாக, அளவுகோலுடன் படமெடுங்கள்.

கிரிப்டோகொரைனா, அதன் நெருங்கிய உறவான லாகெனாந்திராவா என்பதைப் பூ இல்லாமலும் பிரித்துவிடலாம். விரியாத இளம் இலையைப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் நடு நரம்பை நோக்கி உட்புறம் சுருண்டிருந்தால் லாகெனாந்திரா. ஒரு விளிம்பு மற்றதைச் சுற்றிக் குழலாகச் சுருண்டிருந்தால் கிரிப்டோகொரைன். பூ கிடைத்தால் இன்னும் உறுதி. கிரிப்டோகொரைனில் பெண்பூக்கள் ஒரே வளையமாக ஒட்டியிருக்கும், லாகெனாந்திராவில் அவை தனித்தனியாகச் சுருள் வரிசையில் நிற்கும். சிங்களத்தில் "கெத்தல" என்று சொல்லும் பெரிய லாகெனாந்திரா ஓவாட்டா நீரோடைக் கரைகளில் கூட்டமாக வளரும் பழக்கமான செடி. அதன் இளஞ்செடியை அரிய இனமென்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அல்லிகளிலும் அவதானம் தேவை. கோயில் தொட்டிகளிலும் பூங்காக் குளங்களிலும் இருக்கும் அடர் ஊதா அல்லி, தேசிய மலரான நீல அல்லியாகவே பலருக்குத் தெரிகிறது. ஆனால் அது வேறு செடி. யாரோ நட்டது என்றால் எண்ணிக்கையில் சேராது. ஒவ்வொரு பதிவிலும் "இயல்பாக வளர்ந்தது, நடப்பட்டது, தெரியவில்லை" என்ற மூன்றில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒரு செடிக்குக் குறைந்தது ஆறு படங்கள் வேண்டும்: சூழலோடு முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம், பூ அல்லது காய், நீர் ஆழம் தெரியும்படி தடியோடு ஒன்று. வெள்ளைத் தட்டில் நீர் விட்டு அதில் இலையை மெல்ல மிதக்கவிட்டு எடுத்தால் நரம்புகள் தெளிவாகத் தெரியும். செடியைப் பிடுங்கத் தேவையில்லை.

எண்ணுவது

மதிப்பீட்டில் கேட்கப்படுவது மொத்தச் செடிகள் அல்ல, இனம் பெருக்கக்கூடிய முதிர்ந்த செடிகள். ஆகவே குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: ஒன்று, பூ, காய் உள்ளவை அல்லது அந்த அளவுக்கு வளர்ந்தவை; இரண்டு, வளர்ந்தும் அந்த அளவை எட்டாதவை; மூன்று, நாற்றுகள். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்தால் பின்னர் யாராலும் பிரிக்க முடியாது.

நிலத்தடித் தண்டால் பரவும் செடிகளில் "ஒன்று" என்பது எது? தனித்துப் பிரித்தாலும் பிழைக்கக்கூடிய, சொந்த வேரோடு இருக்கும் ஒவ்வோர் இலைக்கொத்தும் ஒன்றாக எண்ணப்படும் என்பது ஐயுசிஎன் விதி. தோண்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டாம். இலைக்கொத்துகளை எண்ணி, "இலைக்கொத்து எண்ணிக்கை" என்றே எழுதுங்கள். அது போதும்.

பந்துரா, அதாவது கெண்டித் தாவரமான நெப்பந்தீஸ் டிஸ்டிலேட்டோரியா, இன்னொரு விதமான அவதானத்தைக் கேட்கிறது. இலங்கையில் இயல்பாக வளரும் ஒரே நெப்பந்தீஸ் அதுதான். ஈர வலயத்தின் திறந்த, நீர் கசியும் நிலங்களில் படரும். அதன் தண்டை வேலி கட்டக் கயிறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவு தாராளமாக இருந்த செடி. அதில் ஆண் வேறு, பெண் வேறு. ஓரிடத்தில் 40 செடிகள் இருந்தும் பூத்தவை எல்லாம் ஆணாக இருந்தால் அங்கே விதை விழாது. பூக்கும் காலத்தில் போய், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்த விகிதம் பெரிதும் சாய்ந்திருந்தால் முதிர்ந்த செடிகளின் எண்ணிக்கையைக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்பதும் விதி.

செடிகள் ஏறத்தாழ 200 க்குள் என்றால் முழுவதும் எண்ணிவிடுங்கள். அதற்கு மேலென்றால் வடிகால் ஓரமாக நாடாவை விரித்து, ஒவ்வொரு 5 மீட்டருக்கும் சட்டத்தை வைத்து எண்ணுங்கள். செடி அடர்ந்த இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். நாடா 5, 10, 15 என்று எங்கே காட்டுகிறதோ அங்கேதான் வைக்க வேண்டும், அங்கே ஒரு செடியும் இல்லாவிட்டாலும். பூஜ்ஜியமும் எண்தான். நிறக் கயிறு கட்டி அடையாளம் வைத்தால் வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். மீன்தொட்டி வியாபாரத்துக்குச் செடி தேடுபவருக்கு அந்தக் கயிறே வழிகாட்டிவிடும்.

தேடியும் கிடைக்காத இடத்தையும் பதியுங்கள். எத்தனை பேர், எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் கரை தேடினீர்கள் என்ற விவரத்தோடு எழுதப்பட்ட "இல்லை", பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தொகை குறைந்ததா என்பதைக் காட்டும் சான்றாக நிற்கும்.

இடம்: கொழும்பின் பெரிய சிக்கல்

முதலில் ஆள்கூறு. கைப்பேசியை வெளியில் ஒரு நிமிடம் வைத்திருந்து, துல்லியம் 5 மீட்டர் அளவுக்கு வந்ததும் எடுங்கள். மர நிழலில் அது எளிதில் வராது. தசம பாகையில் ஐந்து தசம இடங்கள் போதும். கடைசி இலக்கத்தின் மதிப்பு ஏறக்குறைய 1.1 மீட்டர். கொழும்பில் அகலாங்கு 6.8, 6.9 அளவிலும் நெட்டாங்கு 79.9 அளவிலும் இருக்கும். இரண்டையும் மாற்றி எழுதினால் புள்ளி வடதுருவக் கடலில் போய் விழும். இந்தப் பிழை பலமுறை நடந்திருப்பதால், அனுப்பும் முன் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். பழைய ஒரு அங்குல நில அளவை வரைபடத்திலிருந்து எடுத்த ஆள்கூற்றைக் கைப்பேசி ஆள்கூற்றோடு நேரே சேர்க்காதீர்கள். பழையவை கண்டவல என்ற வேறோர் ஆள்கூற்று அடிப்படையில் வரைந்தவை. மாற்றாமல் சேர்த்தால் செடி வேறு வடிகாலுக்குப் போய்விடும்.

உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அச்சுறுத்தலுள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியாக மறைத்துக் காட்டும். கொழும்பில் அது சுமார் 22 கிலோமீட்டர் பக்கம் கொண்ட சதுரம். செடிக்கு அது நல்லது. ஆனால் யாராவது அந்த மறைத்த புள்ளிகளைத் தரவிறக்கிப் பரம்பலைக் கணக்கிட்டால் விடை முழுவதும் பொய். உண்மையான ஆள்கூறுகளைத் தனிக் கோப்பில் வைத்து மதிப்பீடு செய்பவருக்கு மட்டும் கொடுங்கள். படத்துக்குள்ளேயே ஆள்கூறு ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

இனி முக்கியமான விடயம். சிவப்புப் பட்டியல் விதிகளில் "இடம்" என்றால் வரைபடப் புள்ளி அல்ல. ஒரே அச்சுறுத்தல் நிகழ்ந்தால் அங்குள்ள செடிகள் அனைத்தும் விரைவில் பாதிக்கப்படக்கூடிய பரப்பே ஓர் இடம். வடிகாலில் 20 மீட்டர் இடைவெளியில் ஏழு கூட்டங்கள் இருந்தால் அது ஏழு இடங்கள் ஆகாது.

கொழும்பில் இதைத் தீர்மானிக்க நீரோட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டே, கொலன்னாவ, ஹீன் எல சதுப்புகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைந்தவை. அந்த நீர் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் வழியாகக் கடலுக்கும், வடக்கே களனி கங்கைக்கும் போகிறது. களனியில் நீர் ஏறும்போது வடக்கு வாயில் மூடப்படும். உள்ளே பெய்த மழை சதுப்பிலேயே தேங்கும். களனியின் அளவைப் பார்க்கும் இடம் நாகலகம் வீதி நீர்மானி. வெள்ளக் காலச் செய்திகளில் அதன் அடிக்கணக்கைத் தேதியோடு குறித்து வையுங்கள். உங்கள் செடி எத்தனை நாள் மூழ்கியிருந்தது என்பதற்கு அது நல்ல துணைச் சான்று. பெல்லன்வில–அத்திடிய நீர் பெரும்பாலும் வெரஸ் கங்கை வழியாகப் பொல்கொடப் பக்கம் வடிகிறது. ஆகவே கோட்டேயில் ஒரு கூட்டமும் அத்திடியவில் ஒரு கூட்டமும் இருந்தால், கழிவுநீர் அல்லது நீண்ட வெள்ளம் என்ற அச்சுறுத்தலுக்கு அவை இரண்டு இடங்கள். கோட்டேயில் ஒன்றும் கொலன்னாவவில் ஒன்றும் என்றால், அதே அச்சுறுத்தலுக்கு அவற்றை ஒரே இடமாகக் கொள்ள நியாயம் உண்டு.

அச்சுறுத்தல் மாறினால் எண்ணிக்கையும் மாறும். துண்டு துண்டாகக் காணி நிரப்புவதுதான் முதன்மையான ஆபத்தென்றால் ஒவ்வொரு காணியும் தனி இடமாகலாம், ஏனென்றால் ஒருவர் லொறியில் மண் கொட்டினால் அடுத்த காணி உடனே அழிவதில்லை. எனவே "இடம் 3" என்று மட்டும் எழுதாமல், "எந்த அச்சுறுத்தலை வைத்து 3" என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத பதிவுகளை மதிப்பீட்டாளர்கள் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. கற்பனையான ஓர் இனம். இலங்கையில் வேறெங்கும் பதிவில்லை, உலகில் வேறெங்கும் இல்லை. கோட்டேயிலும் அத்திடியவிலும் சேர்த்து ஏழு புள்ளிகள், 214 இலைக்கொத்துகள், அவற்றில் முதிர்ந்தவை 31. நீர்ப்படுகைப்படி இரண்டு இடங்கள். வாழிடத்தின் தரம் தொடர்ந்து குறைந்து வருகிறது.

பரப்பை இரண்டு விதமாக அளக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக் கோடு போட்டால் வரும் பரவல் பரப்பு 40 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். அடுத்தது வாழும் பரப்பு. 2 கிலோமீட்டர் பக்கம் கொண்ட கட்டங்களை வரைபடத்தில் போட்டு, செடி உள்ள கட்டங்களை எண்ணி நான்கால் பெருக்குவது. ஏழு புள்ளிகளும் மூன்று கட்டங்களுக்குள் விழுந்தால் 12 சதுர கிலோமீட்டர். கியூ தாவரவியல் பூங்காவின் ஜியோகேட் என்ற இலவசக் கருவி இரண்டையும் கணக்கிட்டுத் தரும். ஒரு மீட்டர் அகல வடிகாலில் மட்டும் வளரும் செடிக்கு ஏன் 4 சதுர கிலோமீட்டர் என்று கேட்டுச் சிறிய கட்டங்களைப் போடாதீர்கள். எல்லைகள் அனைத்தும் இந்த 2 கிலோமீட்டர் கட்டத்துக்கே வகுக்கப்பட்டவை. பரவல் பரப்பு வாழும் பரப்பைவிடச் சிறிதாக வந்தால் இரண்டையும் சமமாக்க வேண்டும்.

பரவல் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குக் குறைவென்றால் "மிக அருகியது", 5,000 க்குக் குறைவென்றால் "அருகியது", 20,000 க்குக் குறைவென்றால் "அழிவாய்ப்புள்ளது". வாழும் பரப்புக்கு அந்த எல்லைகள் 10, 500, 2,000. பரப்பு மட்டும் போதாது. இடங்கள் முறையே 1, 5, 10 க்கு மேற்படாமை அல்லது கடுமையாகத் துண்டுபட்டிருத்தல், தொடர்ந்த சரிவு, கடும் ஏற்ற இறக்கம் என்ற மூன்றில் இரண்டும் சேர வேண்டும். நம் இனத்துக்குப் பரவல் பரப்பு 40 என்பதால் "மிக அருகியது" எல்லைக்குள் வருகிறது. ஆனால் இடங்கள் இரண்டு. அந்த வகைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே பரப்பு அளவுகோலின்படி "அருகியது".

இத்தோடு நிற்கக் கூடாது. முதிர்ந்த செடிகள் 50 க்குக் குறைவென்றால் அந்த ஒரே காரணத்தால் "மிக அருகியது". 250 க்குக் குறைவென்றால் "அருகியது". 1,000 க்குக் குறைவென்றால் "அழிவாய்ப்புள்ளது". 31 முதிர்ந்த செடிகள் என்பதால் இது "மிக அருகியது". பல அளவுகோல்களில் மிக உயர்ந்த அச்சுறுத்தலைத் தருவதே இறுதி நிலை. நாற்றுகளையும் சேர்த்து 214 என்று தந்திருந்தால் "அருகியது" என்று ஒரு படி கீழே நின்றிருக்கும். மூன்று பத்திகள் போடச் சொன்னது இதற்காகத்தான்.

நீங்கள் இப்படிப் போட்ட கணக்கு மதிப்பீட்டாளருக்கான முன்மொழிவு மட்டுமே. தீவின் மற்றப் பகுதிகளில் உள்ள பதிவுகளும் ஹேர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) உள்ள மாதிரிகளும் சேர்ந்த பின்பே நிலை உறுதியாகும். கொழும்பில் அரிதான செடி சிங்கராஜப் பக்கம் தாராளமாக இருக்கலாம்.

மாதிரி எடுப்பதென்றால்

அனுமதி இருந்தும், 20 செடிகளுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டாதீர்கள். அதற்கும் குறைவாக இருந்தால் ஓர் இலையும் ஒரு பூவும் போதும். நீருக்குள் வளரும் செடியைக் கடதாசியில் நேரே வைத்தால் கசங்கிவிடும். தட்டில் நீர் விட்டு, கடதாசியை அடியில் நுழைத்து, இலைகள் விரிந்த நிலையில் மெல்லத் தூக்குங்கள். கிரிப்டோகொரைன் மடலை அழுத்தினால் உள்ளமைப்பு போய்விடும். 70 சதவீத அற்ககோலில் சிறு புட்டியில் போடுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் செய்தித்தாளை முதல் இரண்டு நாட்கள் காலையும் மாலையும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சீட்டில் அறிவியல் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதுங்கள். இடத்தின் பெயர், ஆள்கூறு, தேதி, நீர் ஆழம், பூவின் நிறம் ஆகியவை கட்டாயம்; காய்ந்தபின் நிறம் நிற்காது. ஒரு பிரதி பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்துக்குப் போக வேண்டும்.

காப்பாற்றுவதாக நினைத்துச் செடியைத் தோண்டி வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போக வேண்டாம். தொட்டியில் இருப்பது காட்டுத்தொகையில் எண்ணப்படாது. பந்துராவின் வேர் மிக மென்மையானது. தோண்டினால் பெரும்பாலும் செத்துவிடும். நெப்பந்தீஸ் பேரினம் முழுவதும், அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருவதால் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பவும் முடியாது.

அச்சுறுத்தலை எழுதும் விதம்

"மனிதச் செயல்பாடு" என்று எழுதினால் ஒன்றும் எழுதாதது போல. யார் எதைச் செய்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மீட்டர் என்று வேண்டும். மண் நிரப்பியிருந்தால் நிரப்பிய விளிம்பின் ஆள்கூறுகளைச் சுற்றி நடந்து எடுங்கள். வடிகால் தூர்வாரும்போது அள்ளிய சேற்றைச் செடியிருந்த கரையிலேயே கொட்டுவது இங்கே அடிக்கடி நடக்கும் அழிவு. சேற்றின் உயரத்தைத் தடியால் அளந்து எழுதுங்கள். வெல் அத்த மரம் திறந்த சதுப்பை நிழலாக்கிச் சிறு செடிகளை ஒழிக்கிறது. ஐந்து மீட்டருக்குள் எத்தனை மரம், எவ்வளவு உயரம் என்று குறித்தால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். வரண்ட மாதங்களில் கடல்நீர் கால்வாய் வழியே உள்ளே ஏறுவதும் உண்டு. மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி கிடைத்தால் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அளங்கள்.

ஜப்பான் ஜபரா (வெங்காயத்தாமரை) அகற்றும் சிரமதானங்கள் நல்ல நோக்கத்தோடு நடப்பவை. ஆனால் ஜபராவோடு சேர்ந்து அதன் கீழே இருந்த அரிய செடியும் குவியலாகக் கரையேறுகிறது. சிரமதானம் நடக்கப் போகிறதென்று தெரிந்தால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசி, அந்தப் பத்து மீட்டரை மட்டும் கையால் சுத்தம் செய்யக் கேளுங்கள். அன்று நீங்களும் அங்கே நில்லுங்கள்.

பதிவை எங்கே கொடுப்பது, எப்போது எடுப்பது

ஒரு பிரதி உயிர்ப்பல்வகைமைச் செயலகத்துக்கு, ஒன்று தேசிய ஹேர்பேரியத்துக்கு, ஒன்று அந்தச் சதுப்பை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு. தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் பெற உரிமை உண்டு. கடிதத்தோடு ஆள்கூற்று அட்டவணையைத் தனி இணைப்பாக, "வெளியிட வேண்டாம்" என்ற குறிப்புடன் வையுங்கள்.

நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட சதுப்பை நிரப்பும் திட்டங்கள் 1993 வர்த்தமானியின்படி சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்படும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாட்கள் கிடைக்கும். அறிவிப்பைக் கண்ட பிறகு செடி தேடப் போனால் நேரம் போதாது. முன்பே எடுத்த இரண்டு பருவப் பதிவு கையில் இருக்க வேண்டும். அறிக்கையின் தாவரப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். உங்கள் இனம் அதில் இல்லையென்றால் ஆள்கூறும் படமும் ஹேர்பேரிய எண்ணும் சேர்த்து எழுதுங்கள்.

கொழும்பில் நிரப்பப்படுபவை பெரும்பாலும் நான்கு ஹெக்டேயருக்குக் குறைந்த காணிகள்; அந்த மதிப்பீடு அவற்றைத் தொடுவதில்லை. அங்கே வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். வயலென்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நிரப்ப முன் அனுமதி தேவை, கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். தாழ்நிலமென்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். காணியின் எல்லை, கிராம அலுவலர் பிரிவு, நிரப்பல் தொடங்கிய தேதி ஆகியவற்றைக் குறித்து, அனுமதிக் கடிதத்தின் பிரதியை மட்டும் கேளுங்கள். கேள்வி குறுகியதாக இருந்தால் தட்டிக்கழிக்க இடமிருக்காது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மண் ஏற்கெனவே விழத் தொடங்கியிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதே நாளில் பிரதேச செயலாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் படங்களோடு எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே நாடாக் கோட்டில், அதே தேடல் நிமிடங்களோடு மீண்டும் எண்ணுங்கள். நாடா தொடங்கிய புள்ளியை மதகு, மின்கம்பம் போன்ற அசையாத ஒன்றிலிருந்து அளந்து எழுதி வைத்தால், அந்த முறை உங்களால் போக முடியாவிட்டாலும் வேறொருவர் அதே கோட்டைப் பிடித்துவிடுவார்.